தாரணியின் தொப்புள்கொடி

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ வேலை செய்கிற இடத்தில் வைத்துப் பிரிக்காதே. அறைக்குப் போய், வயிற்றுக்கு ஏதாவது போட்டுவிட்டு, தனியே இருந்து வாசி. தொலைபேசியில் சொல்லிவிடலாம் என்று நாலு தரம் எடுத்தேன். நாலு தரமும் நீ "என்னம்மா?" என்றாய், நான் "சாப்பிட்டியோ?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டால் எனக்கு இருக்கிற கொஞ்சத் துணிவும் போய்விடுகிறது. கடதாசி என்னைத் திருப்பிக் கேள்வி கேட்காது. அதனால்தான் எழுதுகிறேன். ஆவணியில் உனக்கும் உன் மாமா மகள் வானதிக்கும் கலியாணம். மண்டபம் எடுத்தாயிற்று, தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைத்தாயிற்று, அழைப்பிதழும் அடித்து வந்துவிட்டது. இந்த நேரத்தில் ஒரு தாய் மகனுக்குப் புத்திமதிதான் எழுதுவாள். எனக்கு அந்தத் தகுதி இல்லை. உன்னிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அந்தப் பொய்க்குக் கீழே ஒருத்தியின் மேல் போட்ட பழி இருக்கிறது. இரண்டையும் கலியாணத்துக்கு முன்னால் நீ அறிய வேண்டும்.

முதலில் சின்ன வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன், பெரியதற்கு வர அது உதவும். நீ கண்டிக்குப் போய் ஆராய்ச்சி தொடங்கிய நாளிலிருந்து, மகன் என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும் "டொக்டருக்குப் படிக்கிறார்" என்றுதான் சொல்லி வந்தேன். குரங்குகளுடைய மரபணுவையும் மனிதருடைய மரபணுவையும் வைத்து ஒப்பிடுகிறான் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. உன் மாமா ஒருநாள் கொடிகாமச் சந்தையில் நாலு பேருக்கு முன்னால், "என்ன தங்கச்சி, மருமோன் குரங்குக்கோ வைத்தியம் பாக்கிறார்?" என்று கேட்டுச் சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். நீ எவ்வளவு கவனமாய்ச் செய்கிற வேலை அது என்று தெரிந்துகொள்ளக்கூட நான் முயலவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதற்கு முன்னால் உண்மையை மடித்து வைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது, மகனே. அந்தப் பழக்கம் உன்னோடு தொடங்கியதல்ல.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நடந்தது உனக்கு நினைவிருக்கும். நான் குசினி வாசலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாய். அன்றைக்குத்தான் முதல்முறையாக "அப்பிடி என்னதான் பாக்கிறாய்?" என்று உன்னைக் கேட்டேன். உன் முகத்தில் வந்த சந்தோசத்தைப் பார்த்தபோது, இத்தனை நாள் கேட்காமல் இருந்தேனே என்று இருந்தது.

"அம்மா, இரத்தத்திலை வெள்ளையணு ஓடுதெல்லே. ஓடுற பஸ்ஸிலை இருக்கிற ஆக்கள் மாதிரி எண்டு வையுங்கோ. காயம் பட்ட இடத்திலை அது இறங்கவேணும். குழாயின்ரை சுவரைப் பிடிச்சு, ஒட்டி நிண்டுதான் வெளியாலை வரலாம். அந்தப் பிடியைச் செய்யிற விதத்தை எழுதி வைச்சிருக்கிறதுதான் நான் பாக்கிற மரபணு" என்றாய். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினாய். ஒன்றன் கீழ் ஒன்றாய் எழுத்து வரிசைகள். முதல் வரி மனிதர், அதற்குக் கீழே சிம்பன்சி, கொரில்லா, எங்கள் நாட்டுச் செங்குரங்கு, மந்தி. சில இடங்களில் இனத்துக்கு இனம் எழுத்து மாறியிருந்தது. கிருமிகள் வந்து பிடிக்கிற இடங்கள் அப்படித்தான் மாறிக்கொண்டிருக்கும் என்று விளங்கப்படுத்தினாய். பிறகு ஒரு இடத்தில் விரலை வைத்தாய். மேலிருந்து கீழ்வரைக்கும் ஒரே எழுத்து.

"இதிலை மட்டும் ஏன் ஒருத்தருக்கும் மாறேல்லை?" என்று கேட்டேன்.

"மாறியிருக்கும் அம்மா. மாறினதுகள் மிஞ்சியிருக்காது."

நீ அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாய். என் கையில் இருந்த கத்தி நின்றுவிட்டது. நீ கவனிக்கவில்லை. மனித வரிசைக்குப் பழகிப் பார்க்க உன்னுடைய இரத்தத்தையே எடுத்தாய் என்றும், உனக்கு இருக்கிற இரண்டு பிரதியில் ஒன்றில், அதே இடத்தில், எழுத்து மாறியிருக்கிறது என்றும் சொன்னாய். "எனக்கு ஒண்டும் செய்யாது. ஒண்டு நல்லாய் இருந்தாக் காணும். மாறின எழுத்தெல்லாம் கேடு எண்டுமில்லை. ஆனா தாயிலையும் தேப்பனிலையும் இருந்து ரெண்டும் அப்பிடி வந்த பிள்ளைக்குப் பிறந்த உடனையே தெரியும். தொப்புள்கொடி நாள்க்கணக்காய் விழாது. புண் வரும், சீழ் வராது. எங்கடை குடும்பத்திலை அப்பிடிச் சின்னனிலை செத்த பிள்ளை ஆரும் இருந்ததோ அம்மா?"

நான் "இல்லை" என்றேன்.

"வடிவாய் யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இல்லையெண்டு சொல்லுறனெல்லே" என்று சினந்து, உரித்த வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போனேன். நீ கணினியை மூடினாய். "அப்ப பயமில்லை" என்று நீ உனக்குள்ளே சொல்லிக்கொண்டது என் காதில் விழுந்தது.

தம்பி, உனக்கு ஒரு அக்கா இருந்தாள். பெயர் தாரணி. நீ பிறப்பதற்கு ஆறு வருடம் முன்னால் இதே உடுப்பிட்டியில், இந்த வளவில் நாங்கள் அப்போது இருந்த பழைய வீட்டில் பிறந்தாள். எட்டு மாதம் இருந்தாள்.

அவள் பிறந்தது சண்டைக் காலம். எனக்குப் பிள்ளைப்பேற்று நோக் கண்ட அன்று காலையில் ஆசுப்பத்திரிக்குப் போகிற வழியில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. உன் அப்பா சைக்கிளில் ஓடிப்போய் எங்கள் பகுதி மருத்துவமாதுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிலோமினா மிஸ்ஸி என்று பெயர். குருநகர்ப் பெண். அப்போது முப்பது வயதுக்கு மேல் இருக்காது. வந்தவுடன் சட்டியில் தண்ணீர் வைக்கச் சொன்னா. கத்தரிக்கோலையும் நூலையும் அதில் போட்டுக் கொதிக்கக் கொதிக்க அவித்தா. கையை முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினா. நான் நோவில் கிடந்தாலும் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். எல்லாவற்றையும் கண்டேன். நான் கண்டேன் என்பதை நீ மறக்காமல் வாசி.

பிள்ளை நல்ல நிறையோடு பிறந்தாள். தலை நிறைய மயிர். மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு கிழமை, பத்து நாளில் விழுகிற கொடி அவளுக்கு விழவில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிக்க ஐயர் வந்தார், சொந்தங்கள் வந்தார்கள். பிள்ளைக்கு முழுக வார்க்கத் துணியை அவிழ்த்தபோது அத்தனை பேரும் கண்டார்கள், கொடி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சுற்றிவரச் சிவந்திருந்தது. சீழ் ஒரு பொட்டும் இல்லை. உன் அப்பா எனக்கு அத்தை மகன் என்று உனக்குத் தெரியும். என் மாமியார் எனக்குச் சொந்த அத்தை. அவ பிள்ளையின் வயிற்றைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா. "தாய்க்குத் துப்பரவு காணாது. அதுதான் பிள்ளைக்கு உப்பிடி" என்றா. கூடியிருந்த பெண்களெல்லாம் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்தப் பார்வையில் இருந்து தப்ப வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

"நான் என்ன செய்ய? மிஸ்ஸி கத்தரிக்கோலை அவிக்காமல் வெட்டினவ" என்று சொன்னேன்.

ஒரு வசனம், மகனே. அதைச் சொன்னவுடன் எல்லோருடைய கண்ணும் என்னை விட்டுப் போய்விட்டது. அந்தச் சுகத்தை இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்தப் பொய்யை ஊர் ஏன் அவ்வளவு கெதியாய் நம்பியது என்பதையும் சொல்ல வேண்டும். அவ குருநகர், மீன்பிடிக்கிற வேதக்காரக் குடும்பம். நாங்கள் தோட்டம் செய்கிற சைவக்காரர். "மீன் வெட்டுற கத்தியாலை வெட்டினாளோ ஆருக்குத் தெரியும்" என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் இல்லையென்று சொல்லவும் இல்லை.

பிறகு பிள்ளைக்கு ஒன்று மாறி ஒன்று. பல்முரசு வீங்கும், காதில் புண் வரும், காய்ச்சல் விடாது. மந்திகை ஆசுப்பத்திரிக்கு எத்தனை தரம் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரத்தம் சோதித்த டொக்டர், வெள்ளையணு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, ஏன் காயத்துக்கு வருகுதில்லை என்று விளங்கவில்லை, கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். பாதை மூடியிருந்தது. கொழும்பு எங்களுக்குச் சந்திரனைப் போல இருந்தது. பிலோமினா மிஸ்ஸி ஒவ்வொரு கிழமையும் சைக்கிளில் வந்து படலையில் நிற்பா. மாமி உள்ளே விடமாட்டா. "பிள்ளையை ஒருக்காப் பாத்திட்டுப் போறன்" என்று கெஞ்சுவா. நான் உள்ளே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் இருப்பேன்.

தாரணி போன பிறகு மிஸ்ஸிக்கு எதிராய் மேலிடத்துக்குப் பெட்டிசம் எழுதினார்கள். எழுதியது உன் அப்பா. அவர் செத்து ஐந்து வருடமாகிறது, இனி அவருடைய தலையில் போட்டுவிட்டு நான் தப்பலாம். அப்படிச் செய்ய மாட்டேன். அவர் நான் சொன்னதை நம்பித்தான் எழுதினார். "அவிக்காத கத்தரிக்கோல்" என்ற சொல் என்னுடையது. கீழே முதல் கையெழுத்தும் என்னுடையது. பிலோமினா மிஸ்ஸியை விசாரணைக்குக் கூப்பிட்டு, பிறகு எங்கள் பகுதியில் இருந்து மாற்றிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் இடம்பெயர்ந்தோம், வீடு போனது, பிள்ளையின் ஒரே படமும் அதோடு போனது. நீ பிறந்தபோது மாமி எல்லோருக்கும் சொல்லிவைத்தா: "செத்த பிள்ளையின்ரை பேரை இருக்கிற பிள்ளையின்ரை காதிலை போடக்கூடாது." அது எனக்கு நல்ல வசதியாய்ப் போய்விட்டது. உனக்குத் தொப்புள்கொடி எட்டாம் நாள் விழுந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகையைச் சந்தோசம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

உன்னிடம் "இல்லை" என்று சொன்னது ஏன் என்று இப்போது விளங்கும். தாரணி இருந்தாள் என்று சொன்னால், எப்படிச் செத்தாள் என்று கேட்பாய். மிஸ்ஸியின் கதை வரும். நீ திரையில் காட்டிய எழுத்து அவவுடைய கத்தரிக்கோலில் இருந்து வந்ததல்ல, என்னிலும் உன் அப்பாவிலும் இருந்து வந்தது என்று தெரியவரும். என் மானத்தைக் காப்பாற்ற உன்னுடைய பிள்ளைகளைப் பணயம் வைத்தேன். எழுதவே கை கூசுகிறது, ஆனால் செய்தது அதுதான்.

போன மாதம் நான் குருநகருக்குப் போனேன். பிலோமினா மிஸ்ஸி ஓய்வுபெற்று மகனோடு இருக்கிறா என்று கிளினிக்கில் ஒரு தாதி சொன்னாள். கோயிலுக்குப் பின்னால், கடற்கரைப் பக்கம் வீடு. மருமகள் கதவைத் திறந்தாள். மிஸ்ஸி கதிரையில் இருந்தா. கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தா.

"ஆரது?"

"உடுப்பிட்டியிலையிருந்து வாறன் மிஸ்ஸி."

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினா. "தாரணியின்ரை அம்மாவோ?"

நான் பெற்ற மகனுக்கே தெரியாத பெயர் அவவுடைய வாயில் இருந்து வந்தது. நிலத்தில் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ சொன்ன அடையாளங்கள் அத்தனையும் தாரணிக்கு இருந்ததைச் சொன்னேன். கத்தரிக்கோலை அவ அவித்ததை நான் கண்ணால் கண்டேன் என்றும் சொன்னேன்.

"அப்ப என்ரை கையிலை பிழை இல்லை?"

"இல்லை மிஸ்ஸி."

"உமக்கு அது அண்டைக்கே தெரியும்."

"ஓம்."

"எனக்குத் தெரியாதே பிள்ளை" என்றா. குரல் உயரவில்லை. "விசாரணையிலை திருப்பித் திருப்பிக் கேட்டினம். கேக்கக் கேக்க எனக்கே ஐமிச்சம் வந்திட்டுது. அவிச்சனானோ, இல்லாட்டி அவிச்சதெண்டு நினைக்கிறனோ எண்டு. பெத்த தாய் பொய் சொல்லுவாளோ எண்டு நினைச்சன். அதுக்குப் பிறகு பேறு பாக்கப் போனா கை நடுங்கும். கிளினிக்கிலை பிள்ளையளை நிறுக்கிற வேலையைக் கேட்டு வாங்கினன். என்ரை பேரப்பிள்ளையளின்ரை பேறு பாக்கக்கூட நான் உள்ளை போகேல்லை."

அவவுக்கு வேலையில் இடைஞ்சல் வந்திருக்கும், மனம் நொந்திருக்கும், இவ்வளவுதான் நான் இத்தனை வருடம் எண்ணியிருந்தேன். என் பொய்யை அவவே நம்பி, அதைச் சுமந்துகொண்டு வாழ்ந்திருப்பா என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை. நான் அவவுடைய காலைத் தொடப் போனேன். காலை இழுத்துக்கொண்டா.

"அது வேண்டாம். ஒரு தாளிலை எழுதித் தாரும்."

மருமகள் கொப்பித் தாள் ஒன்று கொண்டுவந்தாள். எழுதினேன். தாரணியின் சாவுக்கு மிஸ்ஸி காரணமில்லை, கத்தரிக்கோலை அவித்ததை நான் கண்டேன், கண்டும் பொய் சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். "எனக்கு இப்ப வாசிக்கேலாது. நீரே வாசியும்" என்றா. மருமகளையும், அவ கூப்பிட வந்த மகனையும் பக்கத்தில் இருத்திவிட்டு வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். "இன்னொருக்கா" என்றா. இரண்டாம் தரம் வாசிக்கும்போது அவவுடைய மகன் எழும்பி வெளியே போய்விட்டார். என்னை அடித்திருந்தால் சுகமாய் இருந்திருக்கும்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். "மன்னிச்சிட்டன் எண்டு சொன்னா நீர் நிம்மதியாய் பஸ் ஏறுவீர். எனக்கு யோசிக்க நாள் வேணும்" என்றா. பிறகு கேட்டா: "மோனிட்டைச் சொல்லியாச்சோ?"

"இன்னும் இல்லை."

"பின்னை என்னத்துக்கு முதலிலை இஞ்சை வந்தனீர்? எனக்குச் செய்த பிழை செய்து முடிஞ்சுது. அங்கை இனித்தான் ஒண்டு நடக்கப்போகுது."

அது உண்மை. மகனிடம் சொல்வதைவிடக் கிழவியிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்தது, அதனால்தான் அங்கே முதலில் போனேன். அதற்குப் பிறகும் ஒரு மாதம் கடத்திவிட்டேன். நேற்று வீட்டுக்கு அழைப்பிதழ்க் கட்டு வந்தது. அதில் உங்கள் இரண்டு பேருடைய பெயரையும் கண்டவுடன் பொறுக்க முடியாமல் கொடிகாமத்துக்குப் பஸ் ஏறினேன். உன் மாமா சந்தையில் மரக்கறி ஏற்றிக்கொண்டு நின்றார். ஒரு பக்கமாய்க் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்குத் தாரணியைத் தெரியும், தூக்கி வைத்திருந்தவர். முதலில் கோபப்பட்டார்.

"தங்கச்சி, உனக்கென்ன விசரே? பத்திரிகை அடிச்சாச்சு. எங்கடை ஆக்கள் பரம்பரையாய் மச்சாள்மாரைத்தானே கட்டினவை. என்ன குறைஞ்சுபோச்சு?"

"தாரணி குறைஞ்சுபோனாள் அண்ணை" என்றேன்.

அவர் தோளில் கிடந்த துவாயை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு சொன்னார்: "வானதியிட்டை நீ சொல்லாதை. நானும் சொல்லமாட்டன். அவன் சொல்லட்டும். அவனுக்குத்தான் வடிவாய் விளங்கப்படுத்தத் தெரியும்."

கலியாணத்தை நிறுத்து என்று நான் எழுதவில்லை. செய் என்றும் எழுதவில்லை. அதைச் சொல்லுகிற உரிமையை நான் இழந்துவிட்டேன். உன் மாமா என் கூடப்பிறந்தவர். என்னிடம் இருப்பது அவரிடமும் இருக்கலாம், அவரிடம் இருந்து வானதிக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். இரத்தத்தைச் சோதித்தால் தெரியும், உன்னுடையதை அப்படித்தான் நீ கண்டாய். அவள் படித்த பிள்ளை, அவளுக்கு மறைக்காமல் சொல். அவளுக்கும் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்ன செய்வது என்று நீங்கள் இரண்டு பேரும் இருந்து முடிவெடுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதே. நான் அதை யோசித்ததால் வந்ததைத்தான் இவ்வளவு பக்கமும் எழுதியிருக்கிறேன். மண்டபத்துக்கும் பத்திரிகைக்கும் யாராவது கேள்வி கேட்டால், தாய்தான் காரணம் என்று சொல். இந்த முறை அது உண்மை.

உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும். உன் ஆராய்ச்சிக்குத் தேவையென்றால் என் இரத்தத்தையும் எடு, எந்த நாள் என்று சொல், கண்டிக்கு வருகிறேன். ஆனால் இதை வாசித்து முடித்தவுடன் எனக்கு அழைக்காதே. முதலில் வானதிக்கு அழை.

அம்மா